ஞானப்பூவின் வழியில் நம் பெண்மக்கள்

தியாகராய நகரின் பாண்டி பஜாரிலும் இரங்கநாதன் தெருவிலும் மாலை வேளையில் நடப்போர், கடைகளின் ஒளியைக் கண்டு வியப்பதற்கு முன்னரே பூக்களின் மணத்தை நுகர்ந்துவிடுவர். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சாமந்தி, மரிக்கொழுந்து என்று முழம் போட்டு அளந்து தரும் பெண்களிடம் பூ வாங்கிச் சூடிக்கொள்ளும் கத்தோலிக்கத் தாய்மார் பலர். ஞாயிறு திருப்பலிக்கு வருகையில் தம் சின்னஞ்சிறு மகளின் பின்னலிலும் அப்பூவையே வைத்து அழகு பார்ப்பர். மாதாவின் பீடத்திலும் அதே மலரே மணக்கும்.

ஆயினும், அம்மகளுக்கே முல்லை என்றோ மலர்விழி என்றோ பெயரிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். உடனே தயக்கம் பிறக்கும். "அது கிறிஸ்தவப் பெயர் ஆகுமா? சாமியார் ஒப்புக்கொள்வாரா?" என்று பாட்டி கேட்பார். "மேரி பிலோமினா என்று என் தாயின் பெயரை வைக்காவிட்டால் நம் குடும்ப வழக்கம் என்னாவது?" என்பார் தாத்தா. இளம் பெற்றோரோ, "எங்கள் மகள் தமிழ்ப் பெண், அவளுக்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும்" என்பர். தொட்டிலில் உறங்கும் குழந்தை ஒன்றும் அறியாது. அதைச் சுற்றி நிற்போரிடையேதான் மனக்கசப்பு வளரும். திருமுழுக்கு நாளையே தள்ளிப்போடும் வீடுகளும் உண்டு. இப்பூசலுக்குத் தேவை இருக்கிறதா? திருமறையும் திருச்சபையின் சட்டமும் தமிழகத் திருச்சபையின் வரலாறும் இதுபற்றி என்ன சொல்கின்றன என்பதை அமைதியாக ஆராய்வோம்.

திருச்சபையின் சட்டம் கூறுவது

1917ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பழைய திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்குப் பெறுபவருக்குக் கிறிஸ்தவப் பெயர் இடப்படும்படி பங்குக் குருக்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பணித்தது. பெற்றோர் அதற்கு இசையாவிடில் என்ன செய்வது? அப்போதும் குழந்தைக்குத் திருமுழுக்கை மறுக்குமாறு அச்சட்டம் சொல்லவில்லை. பெற்றோர் விரும்பிய பெயருடன் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதுமாறே கூறிற்று. ஆக, நம் பாட்டிமார் காலத்திலும் வாயில் முழுவதும் அடைக்கப்பட்டிருக்கவில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள் வெளியிட்ட புதிய சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி முன் சென்றது. அதன் 855ஆம் விதி, புனிதரின் பெயரைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் இடப்படாதவாறு பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் கவனம் செலுத்த வேண்டும் என்பதே அவ்விதியின் கருத்து. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, திருமுழுக்குப் பெயர் ஒரு புனிதரின் பெயராக இருக்கலாம். கிறிஸ்தவ மறைபொருள் ஒன்றையோ நற்பண்பு ஒன்றையோ குறிப்பதாகவும் இருக்கலாம் என்று விளக்குகிறது. புனிதரின் பெயரைத் தாங்குவதால் கிடைக்கும் முன்மாதிரியும் பரிந்துரையும் பெரும் பேறு என்பதை அது மறவாமல் எடுத்துரைக்கிறது. இறைவன் படைத்த மலரின் பெயர் கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பானது என்று எவர்தாம் கூற இயலும்?

குழந்தைகளின் திருமுழுக்குச் சடங்கு தொடங்கும் விதத்தையும் நினைவுகூர்வது நலம். ஆலய வாயிலில் பெற்றோரை வரவேற்கும் குருவானவர், முதன்முதலாகக் கேட்பது குழந்தையின் பெயரைத்தான். திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்ற வினா அதன் பின்னரே வருகிறது. பெயரிடும் உரிமையும் பொறுப்பும் பெற்றோருடையவை என்பதைத் திருச்சபை தன் வழிபாட்டின் முதற் சொற்களிலேயே ஒப்புக்கொள்கிறது.

திருமறையில் பூத்த பெயர்கள்

"மலர்ப் பெயர் வேண்டாம், திருமறைப் பெயரே வேண்டும்" என்று சொல்வோர் ஓர் உண்மையை அறிந்தால் வியப்படைவர். திருமறைப் பெயர்களில் எத்தனையோ பெயர்கள் இயற்கையிலிருந்தே எடுக்கப்பட்டவை. தானியேல் நூலில் பொய்க் குற்றச்சாட்டினின்று மீட்கப்பட்ட கற்புடைச் செல்வி சூசன்னாவின் பெயர், எபிரேய மொழியில் லீலி மலரைக் குறிக்கும். தாமார் என்றால் பேரீச்ச மரம். தன் இனத்தாரைக் காப்பாற்றிய அரசி எஸ்தரின் மறுபெயர் அதசா. அது நறுமணம் கமழும் ஒரு பசுஞ்செடியின் பெயர். இஸ்ரயேலுக்கு நீதி வழங்கிய தெபோராவின் பெயருக்குத் தேனீ என்று பொருள். ராகேல் என்பது பெண்ணாடு. சிப்போரா என்பது பறவை.

யோபு நூலின் இறுதியில் ஓர் இனிய செய்தி உண்டு. துன்பமெல்லாம் தீர்ந்த பின் யோபுவுக்கு ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் பிறந்தனர். புதல்வர் எழுவரின் பெயர்களை அந்நூல் சொல்லாமல் விடுகிறது. புதல்வியர் மூவரின் பெயர்களையோ தவறாமல் குறிக்கிறது. எமிமா என்பதைப் புறா என்று பலர் பொருள் கொள்வர். கெட்சியா என்பது இலவங்கப்பட்டையை ஒத்த நறுமணப் பட்டை. கெரன் அப்பூக்கு என்பதற்குக் கண்ணுக்கு இடும் மை வைக்கும் சிமிழ் என்பது பொருள். இவ்வாறு அழகிய பெயர்களை இட்டதோடு யோபு நின்றுவிடவில்லை. அவர்தம் சகோதரருடன் அவர்களுக்கும் உரிமைச் சொத்து வழங்கினார் என்று அந்நூல் பதிந்து வைத்திருக்கிறது. இச்செய்திக்கு நாம் பின்னர்த் திரும்பி வருவோம்.

ஒரு மொழியின் பெயரை மற்றொரு மொழியில் பொருளறிந்து வழங்குவதும் திருமறைக்குப் புதிதன்று. சீமோனுக்கு ஆண்டவர் இட்ட கேபா என்ற பெயருக்குப் பாறை என்பது பொருள். அதுவே கிரேக்கத்தில் பேதுரு ஆயிற்று. யோப்பா நகரில் ஏழைகளுக்கு ஆடை தைத்தளித்த தபித்தாவின் பெயர் கிரேக்கத்தில் தொர்க்கா என்று வரும். இரண்டுக்கும் பெண்மான் என்பதே பொருள் என்று திருத்தூதர் பணி நூலே விளக்கம் தருகிறது. மயிலையில் சாந்தோம் பேராலயத்தில் எவருடைய கல்லறையை நாம் வணங்குகிறோமோ அந்தத் திருத்தூதர் தோமாவின் பெயரும் அத்தகையதே. தோமா என்பது அரமேயத்தில் இரட்டையர் என்று பொருள்படும். அதைக் கிரேக்கத்தில் திதிம் என்று பெயர்த்துக் காட்டுகிறார் நற்செய்தியாளர் யோவான். கிரேக்கத்தில் ஆகலாம், தமிழில் ஆகாது என்பது எந்த நியாயம்?

நம் வீடுகளில் பழகிப்போன பெயர்களையும் சற்றே உரித்துப் பாருங்கள். மார்கரெட் என்பதற்குக் கிரேக்க மொழியில் முத்து என்று பொருள். மார்கரீத் என்பது பிரெஞ்சு மொழியில் ஒரு சிறு வெண்மலருக்கும் பெயராக அமைந்தமையால், ஆங்கிலேயர் மார்கரெட்டைச் செல்லமாக டெய்சி என்று அழைத்தனர். ஸ்டெல்லா என்றால் விண்மீன். ஜெம்மா என்ற இலத்தீன் சொல் மணியையும் குறிக்கும், மலரும் தளிரும் விரியும் மொட்டையும் குறிக்கும். ஜாஸ்மின் என்பது பாரசீகத்திலிருந்து புறப்பட்டு ஐரோப்பா சென்ற மல்லிகையின் பெயர். ஆகவே ஜாஸ்மின் என்று பெயரிட்டால் கிறிஸ்தவப் பெண், மல்லிகா என்று பெயரிட்டால் அல்லள் என்று சொல்லும்போது, நாம் சமயத்தைக் காக்கவில்லை. ஒரு மொழியை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துகிறோம்.

தமிழகத் திருச்சபையின் முன்னோடிகள்

நம் முன்னோர் இத்தாழ்வு மனப்பான்மைக்கு ஆளாகவில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், தாம் இயற்றிய தேம்பாவணியில் புனித சூசையப்பரை வளன் என்று அழைத்தார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரில் பெருக்கம் என்ற பொருள் அடங்கியிருப்பதை அறிந்து, வளம் என்னும் தமிழ் வேரிலிருந்து அப்பெயரை வடித்தார். கோனான்குப்பத்தில் தேவ அன்னைக்கு அவர் சூட்டிய பெயர் பெரியநாயகி. காப்பியத்தின் பெயருக்கும் வாடாத மாலை என்பது ஒரு பொருள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அப்பெயர்கள் நம் மக்களின் நாவில் வாழ்கின்றன.

2022ஆம் ஆண்டு மே திங்கள் 15ஆம் நாள் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்ட மறைசாட்சி தேவசகாயத்தின் பெயரும் இவ்வாறு பிறந்ததே. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவானவர் புத்தாரி அடிகளின் கையால் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற பெயருக்குக் 'கடவுளின் உதவி' என்பது பொருளாகையால், அது தேவசகாயம் என்று தமிழில் வழங்கப்பட்டது. அவருடைய துணைவியார் பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்றார். தெரேசா என்ற புனிதையின் பெயருக்கு ஈடாக அவ்வம்மையாருக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? ஞானப்பூ!

எத்துணை அழகிய பெயர்! ஞானம் என்பது தூய ஆவியாரின் கொடை. பூ என்பது இறைவன் மண்ணுக்கு அளித்த கொடை. இரண்டையும் இணைத்து ஒரு பெண்ணுக்குச் சூட்டினர், ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த நம் மறைமுன்னோர். ஞானப்பூ அம்மாள் தம் கணவர் சிறைப்படுவதையும், ஊர் ஊராக இழிவுபடுத்தப்படுவதையும், 1752ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்படுவதையும் தாங்கினார். அதன் பின் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பெயரில் பூ இருந்தது. நெஞ்சில் உறுதி இருந்தது. மலர்ப் பெயர் கிறிஸ்தவப் பெயராகுமா என்று கேட்போருக்கு ஒரு புனிதரின் இல்லத்திலிருந்தே விடை கிடைத்துவிட்டது.

அதே வடக்கன்குளத்தில் புனித தெரேசா பள்ளியில் 1940களில் ஆசிரியராகப் பணியாற்றிய இளம் குரு ஒருவர், அங்கேதான் தமிழை முறையாகப் பயிலத் தொடங்கினார். அவரே பின்னாளில் உலகம் போற்றிய தனிநாயகம் அடிகளார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள், பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்பதாகும். நிலத்தைப் பூவின் பெயரால் வகுத்து, மனித உள்ளத்தின் அன்பை அந்நிலத்தோடு இணைத்துப் பாடிய தமிழரின் மரபை ஆங்கிலத்தில் எழுதி அயல்நாட்டார்க்கு அறிவித்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நமக்குப் பெருமை அன்றோ? மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல், வறண்ட நிலத்துக்குப் பாலை என்று பெயர் வைத்த இனம் நம் இனம். நாம் வாழும் சென்னையைத்தான் பாருங்களேன்! திருவல்லிக்கேணியில் அல்லி இருக்கிறது. புரசைவாக்கத்தில் புரச மரம் இருக்கிறது. மயிலாப்பூரில் மயில் இருக்கிறது. தியாகராய நகரோ மாம்பலத்துப் பெரிய ஏரி இருந்த இடத்தில் 1920களில் எழுந்த பேட்டை. அதன் சாலைகள் பெரும்பாலும் பெரிய மனிதரின் பெயர்களைத் தாங்குகின்றன. ஏரியும் அல்லியும் மண்ணிலிருந்து மறைந்தாலும் நம் பெண்மக்களின் பெயர்களிலாவது வாழட்டுமே!

புனிதையர் காட்டிய மலர்வழி

பெரு நாட்டின் லீமா நகரில் 1586இல் பிறந்த ஒரு பெண்குழந்தைக்குத் திருமுழுக்கில் இடப்பட்ட பெயர் இசபெல். தொட்டிலில் கிடந்த அவளுடைய முகம் ரோசா மலர்போல் இருந்ததாகக் கண்டு, வீட்டார் ரோசா என்றே அழைத்தனர். வளர்ந்து உறுதிப்பூசுதல் பெற்றபோது அம்மலர்ப் பெயரே அவளுக்கு உரியதாயிற்று. 1671இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவரே அமெரிக்கக் கண்டத்தின் முதற் புனிதர். நம் ஊர்களில் வாழும் ரோசம்மாள், ரோஸ்மேரி, ரோசலின் ஆகிய எத்தனையோ பேர் அந்த வீட்டுச் செல்லப் பெயரின் வழித்தோன்றல்கள் எனலாம்.

அசிசியின் புனித கிளாரா தம்மைப் புனித பிரான்சிசு நட்ட சிறுசெடி என்று கூறிக்கொண்டார். லிசியே நகரின் புனித தெரேசாவோ உலகெங்கும் சிறுமலர் என்றே அறியப்படுகிறார். 24 ஆண்டுகளே வாழ்ந்து 1897இல் மறைந்த அவர், இறைவனின் தோட்டத்தில் எல்லா மலர்களும் ரோசாவாகவும் லீலியாகவும் இருக்க வேண்டியதில்லை, சிறு மலர்களுக்கும் அங்கே இடமுண்டு என்ற உண்மையைத் தம் வாழ்வின் அடிப்படையாகக் கொண்டார். 1997இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக உயர்த்தியது. தமிழகத்திலும் ஈழத்திலும் புஷ்பம், மலர் என்ற பெயர்கள் கத்தோலிக்கப் பெண்களிடையே வேரூன்றி இருப்பதற்குச் சிறுமலர் மீது நம் மக்கள் கொண்ட பக்தியும் ஒரு காரணம். நாம் நாள்தோறும் சொல்லும் செபமாலைக்கே இலத்தீனில் ரோசாத் தோட்டம் என்ற பொருள்தரும் பெயர் வழங்குவதையும் எண்ணிப் பாருங்கள்.

பெண் வெறும் பூவா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெண்ணை மலர் என்று புகழ்ந்துகொண்டே, அவளை அலங்காரப் பொருளாக மட்டும் காணும் மனப்போக்கு நம்மிடையே உண்டு. பூப்போல இரு, பூப்போலப் பேசு என்று மகளுக்குப் போதிப்போர், மகனுக்கு அவ்வாறு போதிப்பதில்லை. பூப் பெயர் இட்ட மகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மகனை மட்டும் கல்லூரிக்கு அனுப்பினால், அப்பெயர் ஒரு கேலியாகிவிடும்.

தமிழகத்தின் சில பகுதிகளில் அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிடும் வழக்கம் இருந்ததை நாம் மறத்தல் ஆகாது. அப்பெயரைப் பள்ளியில் ஒவ்வொரு நாளும் உரக்கக் கூப்பிடுகையில் அச்சிறுமியின் உள்ளம் என்ன பாடுபடும்! பெண்சிசுக்களின் உயிரைக் காக்க 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததே, அதுவும் இதே நோயின் கொடிய வடிவத்தால்தான். தன்னை வேண்டாமென்று சொல்லும் பெயரோடு ஒரு பெண் வளர்வதற்கும், தன்னைக் கண்டு வீடு மகிழ்ந்தது என்று சொல்லும் பெயரோடு வளர்வதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. இறைவன் நம்மைப் பெயர் சொல்லி அழைத்தார், நாம் அவருக்கு உரியவர் என்று இறைவாக்கினர் எசாயா வாயிலாகக் கேட்கிறோம். மகளுக்கு நாம் இடும் பெயர் அந்த அழைப்பின் எதிரொலியாக இருத்தல் வேண்டும்.

யோபுவிடம் திரும்புவோம். நறுமணப் பெயர் இட்ட அத்தந்தை உரிமைச் சொத்தையும் கொடுத்தார். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், பெற்றோர் உயில் எழுதாது இறந்தால் கிறிஸ்தவ மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு அளிக்கிறது. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியின் கிறிஸ்தவப் பெண்களுக்கும் அவ்வுரிமை உண்டு என்பதை 1986இல் உச்சநீதிமன்றம் மேரி ராய் வழக்கில் நிலைநாட்டியது. பெயரளவில் மலராகப் போற்றி, பங்கு பிரிக்கும் நாளில் மகளை மறந்துவிடும் குடும்பங்கள் யோபு நூலின் கடைசி அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நலம்.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. கணவனை இழந்த பெண்ணின் தலையிலிருந்து பூவைப் பறிக்கும் வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. உயிர்ப்பில் நம்பிக்கை கொண்ட நாம் அதை எப்போதோ விட்டிருக்க வேண்டும். கூந்தலில் வைத்த பூவைப் பறிக்கலாம். திருமுழுக்கில் சூட்டிய பூவை எவரும் பறிக்க முடியாது. ஞானப்பூ அம்மாள் கைம்பெண்ணான பின்னும் ஞானப்பூவாகவே இருந்தார்.

தேர்ந்தெடுக்கச் சில பெயர்கள்

பொருளும் பொருத்தமும் அறிந்து இடும் பெயரே குழந்தைக்குச் சொல்லித் தரத்தக்க பெயராகும். சிலவற்றை இங்கே தருகிறோம்.

முல்லை: முல்லை நிலத்தின் ஒழுக்கமாகச் சான்றோர் வகுத்தது, பிரிந்தவர் திரும்பி வருவார் என்று நம்பிக் காத்திருத்தல். ஆண்டவரின் வருகைக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தில் பிறந்த பெண்குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

குறிஞ்சி: கொடைக்கானல், நீலகிரி மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலமலர். 2006இலும் 2018இலும் மலைச்சரிவுகள் நீலமாயின. திருமணமாகி நெடுநாள் காத்திருந்து பெற்ற மகளுக்கு ஏற்றது. முதிய வயதில் மகவு கண்ட எலிசபெத்தம்மாளின் பெயரோடு இணைத்து எலிசபெத் குறிஞ்சி எனலாம்.

மகிழ்: மகிழ மரத்தின் பெயர், மகிழ்ச்சிக்கும் அதுவே பெயர். லெட்டீசியா என்ற இலத்தீன் பெயரின் பொருளும் இதுவே. தேவ அன்னையை நம் மகிழ்ச்சியின் காரணமாகப் பிரார்த்தனையில் அழைக்கிறோம். மகிழம்பூவுக்கு ஒரு சிறப்பு உண்டு: உதிர்ந்து காய்ந்த பின்னும் அதன் மணம் போவதில்லை. பெண்ணின் அழகு இளமையோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இம்மலரே சான்று.

வாகை: வெற்றி பெற்ற வீரர் சூடிய பூ. விக்டோரியா என்பதைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் வாகை, வாகைமலர், வாகைச்செல்வி என்று சொல்லலாம். கன்னிமைக்காகவும் மறைக்காகவும் உயிர் நீத்த வேதசாட்சிகளின் திருநாளில் பிறந்த குழந்தைக்கு ஏற்றது.

அல்லி, தாமரை: நீரில் பூக்கும் இம்மலர்களைச் சூசன்னா என்ற பெயரோடு இணைத்து வழங்கலாம். தாமரை பிற சமயத்தாரின் வழிபாட்டு மலர் அன்றோ என்று சிலர் அஞ்சுவர். அவர்கள் போற்றுவதால் அம்மலர் நமக்கு அயலாகிவிடாது, படைத்தவர் ஒருவரே. பரங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட பழஞ்சிலுவையின் நுனிகள் மலர்மொட்டுப்போல் அமைந்திருப்பதை அங்குச் செல்வோர் கண்டு மகிழலாம். பண்டைக் கிறிஸ்தவர் சிலுவையையே பூக்கும் மரமாகக் கண்டனர்.

முத்து, முத்துமலர்: மார்கரெட்டின் தமிழ் வடிவம். முத்துக்குளித்துறையின் மறைமக்களுக்கு இது குலப்பெருமையும் ஆகும்.

பனிமலர்: தூத்துக்குடிப் பனிமய அன்னையின் பெருவிழாவாகிய ஆகஸ்டு 5ஆம் நாளை ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு.

நிலா, வளர்மதி: கதிரவனைச் சகோதரன் என்றும் நிலவைச் சகோதரி என்றும் அழைத்து இறைவனைப் புகழ்ந்தவர் அசிசியின் பிரான்சிசு. 1979இல் திருத்தந்தை அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். பிரான்சிஸ்கா நிலா என்ற பெயரில் ஒரு வரலாறே அடங்கிவிடும்.

சுடர், ஒளிமலர்: லூசியா, கிளாரா ஆகிய பெயர்கள் ஒளியைக் குறிப்பவை. மயிலையில் 1516ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டோடு நிற்கும் லஸ் கோயிலின் பெயரும் அதுவே. லஸ் என்பது போர்த்துகீசிய மொழியில் ஒளி. மரங்கள் அடர்ந்த இடத்தில் அன்று நின்றமையால் மக்கள் அதைக் காட்டுக்கோயில் என்றே அழைத்தனர். பிரகாச மாதாவிடம் வேண்டிப் பெற்ற பெண்ணுக்கு ஒளிமலர் என்று பெயரிடலாம்.

செங்காந்தள் நம் மாநில மலர், தீச்சுடர்போல் அழகானது. ஆயினும் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. பெயரிடுமுன் பொருளையும் பண்பையும் அறிந்துகொள்ளுங்கள் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

பெற்றோர் கவனத்திற்கு

முதலாவது, குடும்பத்தாரின் மனம் நோகாமல் முடிவெடுங்கள். பாட்டியின் பெயரும் மலரின் பெயரும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை. மரிய முல்லை, தெரேசா மலர், அன்னா மகிழ் என்று இரண்டையும் இணைத்துச் சூட்டினால் முதியோர் உள்ளமும் குளிரும்; குழந்தைக்கு ஒரு புனிதரின் பாதுகாவலும் கிடைக்கும்.

இரண்டாவது, வாயில் எளிதாக நுழையும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். மும்பையிலோ அயல்நாட்டிலோ வாழப்போகும் பெண்ணுக்கு ழகரம் மிகுந்த நீண்ட பெயர் இட்டால், அவள் பெயரைப் பிறர் சிதைப்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போவாள். இரண்டு மூன்று எழுத்துப் பெயர்கள் நம் மொழியில் ஏராளம்.

மூன்றாவது, பதிவுகளில் கவனம் தேவை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் சட்டம். பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதிந்துவிடலாம். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன் பின் 15 ஆண்டுகள் வரை உரிய கட்டணத்தோடும் சேர்க்க வழி உண்டு. 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப் பின் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படைச் சான்றாகிவிட்டது. ஆகவே பிறப்புச் சான்றிதழிலும் திருமுழுக்குப் பதிவேட்டிலும் பெயர் ஒரே எழுத்துமுறையில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மேரி மலர் என்றும் மற்றொன்றில் மலர்விழி என்றும் இருந்தால், திருமண ஓலை எழுதும் நாளில் அலைச்சல் மிகும்.

நான்காவது, பெயரின் பொருளைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். அவள் பெயருக்குரிய செடியை வீட்டு வாயிலிலோ மாடியிலோ ஒரு தொட்டியில் நட்டு, தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவளிடமே விடுங்கள். அவள் பெயருக்குரிய புனிதரின் திருநாளில் அம்மலரைப் பறித்துப் பீடத்தில் வைக்கப் பழக்குங்கள். படைப்பைப் பேணுவது இறைப்பற்றின் ஒரு கூறு என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் எழுதியதை அவள் பின்னாளில் வாசிக்கும்போது, அது தன் பெயரிலேயே எழுதப்பட்டிருப்பதைக் காண்பாள்.

அன்பார்ந்த பெற்றோரே, நல்ல ஆயர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்கிறது நற்செய்தி. நீங்கள் தெரிந்தெடுக்கும் பெயரால்தான் ஆண்டவர் உங்கள் மகளை வாழ்நாளெல்லாம் அழைப்பார். அப்பெயரால்தான் திருச்சபை அவளுக்காக இறுதி நாளில் மன்றாடும். அது ரோசாவாயினும் முல்லையாயினும், பிலோமினாவாயினும் மகிழாயினும், அன்போடு இடப்பட்டதாகவும் மதிப்போடு அழைக்கப்படுவதாகவும் இருக்கட்டும். ஞானப்பூக்கள் நம் இல்லங்கள் தோறும் மலரட்டும்!